முப்பத்தொன்றாம் காத்தாடியின் போன்

ஜூன் 3, திங்கள்

ஆரல்வாய்மொழியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. எனக்கு முன்னால் போன ஒரு அம்மாவின் குடை படாரென்று மேல்நோக்கிக் கவிழ்ந்துகொண்டது. அவர் அதைத் திருப்பவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டே நடந்தார். இந்த ஊரில் வைகாசி மாதம் இப்படித்தான் போல.

பத்து வருடம் மார்த்தாண்டத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேப் பார்த்தேன். அதை மூடிவிட்டார்கள். இப்போது முப்பத்தேழு வயதில் காற்றாலைக் கம்பெனியில் நெட்வொர்க் டெக்னீஷியன். எனக்கு முன்னால் இருந்தவர் துபாய்க்குப் போய்விட்டார். சொல்லித்தர ஆள் இல்லை. படித்ததை எழுதினால்தான் எனக்கு மனதில் நிற்கும். அதற்காகத்தான் இந்த நோட்டு, வேறு எதற்கும் இல்லை.

முதல் வேலையே அவமானமாகப் போனது. பன்னிரண்டாம் காத்தாடியில் போன் வேலை செய்யவில்லை என்று ஷிப்ட் இன்ஜினியர் இசக்கியப்பன் சார் அனுப்பினார். காற்றாலை என்று இங்கே யாரும் சொல்வதில்லை, காத்தாடிதான். ஜீப்பில் என்னோடு வந்தவர் தாணு அண்ணன். மேலே ஏறி மிஷினைப் பழுது பார்ப்பவர். சுசீந்திரம் கோயில் பக்கத்துக்காரர், நாற்பது இருக்கும்.

காத்தாடியின் அடியில், இரும்புக் கதவுக்கு உள்ளே, ஒரு நெட்வொர்க் சுவிட்ச் பெட்டி இருந்தது. எட்டு ஓட்டைகள் வரிசையாக. ஐந்தாவதில் போனைச் செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. போன் செத்துக் கிடந்தது. இன்னொரு போன், இன்னொரு வயர், எல்லாம் மாற்றிப் பார்த்தேன். கடைசியில் தாணு அண்ணன் எட்டிப் பார்த்து, "அடுத்த ஓட்டையில குத்திப் பாருங்க டீச்சர்" என்றார். பாலிடெக்னிக்கிலிருந்து வந்ததால் எல்லோருக்கும் நான் டீச்சர். ஆறாவதில் செருகியதும் உடனே உயிர் வந்தது.

"ரெண்டு ஓட்டையும் ஒண்ணு போலத்தான இரிக்கு?" என்று கேட்டார்.

"படிச்சிட்டு சொல்லுகேன் அண்ணே" என்றேன். வேறு என்ன சொல்ல?

ஜூன் 5, புதன்

படித்தேன்.

வெளியிலிருந்து பார்த்தால் சுவிட்ச் ஒரே பெட்டி. உள்ளே அது மூன்று தனித்தனிப் பெட்டிகளாகப் பிரிந்திருக்கிறது. சுவரே இல்லாத பிரிவு. விலான் என்று பெயர். பத்தாம் எண் விலான் காத்தாடியை இயக்கும் கட்டளைகளுக்கு, இருபது போனுக்கு, முப்பது கேமராவுக்கு. ஒவ்வொரு ஓட்டையும், அதாவது போர்ட்டும், ஏதாவது ஒரு விலானைச் சேர்ந்தது. ஐந்து கேமராவின் வீடு. அதில் போனைச் செருகினால் மின்சாரம் வரும், விளக்கு எரியும், ஆனால் அதோடு பேச அங்கே யாரும் இல்லை. இப்படி ஒரே விலானுக்கு மட்டும் திறக்கும் போர்ட்டுக்கு ஆக்சஸ் போர்ட் என்று பெயர்.

ஒரு விரல் இடைவெளியில் இருக்கும் இரண்டு ஓட்டைகள். ஒன்றில் நடப்பது மற்றதற்குத் தெரியவே தெரியாது. மத்தியானம் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட மறந்து அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

சர்ச். வந்ததும் அம்மா ஒரு போட்டோவை நீட்டினாள். குவைத்தில் இருக்கிறாராம், நாற்பத்திரண்டு வயது, நல்ல குடும்பம். பார்க்கிறேன் என்றேன்.

மத்தியானம் துணி துவைத்தேன்.

ஜூன் 12, புதன்

இன்று ட்ரங்க் போர்ட் புரிந்தது. புரிந்தது என்பதைவிடப் பிரமித்தேன் என்று எழுதலாம்.

எங்கள் நாற்பது காத்தாடிகளையும் ஒரு கண்ணாடி இழை மாலை மாதிரி கோத்திருக்கிறது. கண்ட்ரோல் ரூமில் கிளம்பி, ஒன்று, இரண்டு என்று போய், நாற்பதிலிருந்து மறுபடியும் கண்ட்ரோல் ரூமுக்கே வந்து சேரும். ஒவ்வொரு சுவிட்சிலும் எட்டு செம்புக் கம்பி ஓட்டைகள் போக, கண்ணாடி இழைக்கு இரண்டு வாசல்கள் உண்டு. பக்கத்துக் காத்தாடிகளுக்குப் போகிற வாசல்கள் அவை. தலைமுடி கனம் கூட இல்லாத அந்த இழையில் கட்டளை, பேச்சு, படம் மூன்றும் போகின்றன. ஒன்றோடொன்று கலக்காமல்.

சாயங்காலம் முப்பத்தொன்றிலிருந்து தாணு அண்ணன் கண்ட்ரோல் ரூமுக்குக் கூப்பிட்டார், நான்தான் எடுத்தேன். அந்தக் காத்தாடி ஒரு குன்றுக்குப் பின்னால் இருக்கிறது. செல்போன் சிக்னல் கிடையாது, வாக்கி டாக்கியும் எட்டாது. மேலே மிஷின் பெட்டிக்குள் மாட்டியிருக்கும் நெட்வொர்க் போன்தான் ஒரே வழி. ஏறினதும் ஒரு தடவை, இறங்கும் முன் ஒரு தடவை கூப்பிட வேண்டும் என்பது விதி. கூப்பிட்டவர், "படிச்சாச்சா டீச்சர்?" என்றார். அவர் மறக்கவில்லை.

சொன்னேன். ட்ரங்க் வழியாகப் போகும்போது ஒவ்வொரு செய்தியின் நெற்றியிலும் அது எந்த விலான் என்று ஒரு சின்ன அடையாளம் ஒட்டப்படுகிறது. டேக். சேர வேண்டிய ஆக்சஸ் போர்ட்டில் இறங்கும்போது அதை உரித்துவிட்டுக் கொடுக்கிறார்கள்.

போனில் காற்று இரைந்தது. அவர் சத்தமாக, "கல்யாண வீட்டுக்கு இரவல் குடுக்க பாத்திரத்துல பேரு வெட்டி வைக்கோம்லா, அது போலயா?" என்றார்.

அதேதான். நம் வீட்டு அடுக்களைக்குள் பேர் எதற்கு? பொதுப் பந்திக்குப் போகும்போதுதான் பேர் வேண்டும்.

"செரி, பேரு வெட்டாத பாத்திரம் ஒண்ணு வந்துட்டுன்னா?"

அதற்கும் பதில் இருந்தது. பேர் இல்லாமல் வருவது இன்ன வீட்டுக்கு என்று ட்ரங்க் போர்ட்டிடம் முன்னாலேயே சொல்லி வைக்க வேண்டும். சொல்லாவிட்டால் அதுவாகவே ஒன்றாம் எண் விலானில் கொண்டுபோய்ப் போட்டுவிடும். அந்த வீட்டில் யாருமே குடியில்லை.

"எம்மாடி, இதெல்லாம் யாரு உக்காந்து யோசிச்சா?" என்றார். எனக்கும் அந்தக் கேள்விதான்.

ஜூன் 17, திங்கள்

சுவிட்சில் என்னென்ன போர்ட்டுகள் இருக்கின்றன என்று கேட்கும் கட்டளையைக் கொடுத்தேன். எட்டு செம்பு, இரண்டு கண்ணாடி, அதற்குக் கீழே இன்னொன்று காட்டியது. பெட்டியின் பின்னால், அடியில் எல்லாம் தடவிப் பார்த்தேன். அந்த ஒன்றுக்கு ஓட்டையே இல்லை.

அதன் பெயர் விலான் இன்டர்ஃபேஸ். சுவிட்ச் தனக்கென்று வைத்திருக்கும் வாசல். நான் இங்கே உட்கார்ந்து முப்பத்தொன்றின் சுவிட்சோடு பேசினால் அந்த வாசலைத்தான் தட்டுகிறேன். கண்ட்ரோல் ரூமின் பெரிய சுவிட்சில் விலானுக்கு ஒன்றாக மூன்று இருக்கின்றன. ஒரு விலான் இன்னொரு விலானோடு பேச வேண்டுமென்றால் அவை வழியாகத்தான், அதுவும் அனுமதி இருந்தால்தான். உடம்பு கிடையாது, முகவரி மட்டும் உண்டு. தட்டினால் திறக்கிறது.

அம்மாவிடம் சொன்னேன். "வேதத்துல இல்லாததையா சொல்லிட்ட?" என்று கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள்.

ஜூன் 20, வியாழன்

இன்று வேலை குறைவு. முப்பத்தொன்றிலிருந்து அழைப்பு இல்லை. தாணு அண்ணன் லீவாம். பல்வலி.

ஜூன் 21, வெள்ளி

இன்றும் லீவு. கிராம்பு எண்ணெய் பல்வலிக்கு நல்லது என்று எங்கோ படித்த ஞாபகம்.

ஜூன் 24, திங்கள்

முப்பத்தொன்றில் போன் சரியாகக் கேட்கிறதா என்று சோதிக்க வேண்டியிருந்தது. குரலின் தரத்தைப் பார்க்க ஆள் கொஞ்ச நேரம் தொடர்ந்து பேச வேண்டும். "என்ன பேச?" என்றார் தாணு அண்ணன். கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லுங்கள் என்றேன்.

தாடகை மலைமேல் மேகம் இறங்கியிருக்கிறதாம். அது கணவாய்க்குள் நுழையும்போது ஆட்டு மந்தை வேலியைத் தாண்டுவது போல ஒன்றன்பின் ஒன்றாகக் குதித்துக்கொண்டு வருகிறதாம். கீழே தோவாளைப் பக்கம் பூத்தோட்டம் சின்னச் சின்னக் கட்டமாகத் தெரிகிறது. மயில் ஒன்று, தனக்கும் கீழே பறக்கிறது. "மயிலுக்க முதுகை நீங்க பாத்திருக்கியளா டீச்சர்? பறக்கும்போது மேலேருந்து? அது ஒரு தனி நீலமாக்கும்" என்றார்.

குரலின் தரம் நன்றாக இருந்தது.

தாணு அண்ணனின் மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது என்று கேண்டீனில் இருக்கும் அக்கா சொன்னாள். நான் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

ஜூலை 2, செவ்வாய்

எல்லாச் சுவிட்சுகளையும் நேரில் போய்ப் பார்க்க ஆரம்பித்து, இருபத்தேழு வரை முடிந்தது. மழையில் பாதை சேறாகிவிட்டதால் மற்றவை அப்புறம்.

வளையத்தைப் பற்றி ஒன்று எழுத வேண்டும். வட்டமாகக் கோத்துவிட்டால் ஒரு செய்தி சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். அதனால் ஒரே ஓர் இடத்தை சுவிட்சுகளே அடைத்து வைத்துக்கொள்கின்றன. எங்கள் வளையத்தில் அது முப்பத்தாறுக்கும் முப்பத்தேழுக்கும் நடுவில். இழை வேறு எங்காவது அறுந்தால் அந்த அடைப்பு நொடியில் தானாகத் திறந்து, செய்தி மறுபக்கமாகச் சுற்றி வந்துவிடும். யாரும் எழுந்து போய்த் திறக்க வேண்டாம். ஆண்டுக்கணக்கில் சும்மாவே விழித்துக்கொண்டு இருக்கிறது.

ஜூலை 7, ஞாயிறு

குவைத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்கிறாள் அம்மா. "ஒனக்கு என்னதான் மக்ளே வேணும்?" தலைவலி என்று படுத்துக்கொண்டேன். தலைவலி இல்லை.

ஜூலை 12, வெள்ளி

நேற்று நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது.

நேற்று காலையிலேயே காற்று சரியில்லை. முப்பத்தொன்றை நிறுத்திவிட்டு, மேலே ஒரு கசிவைச் சரிசெய்ய தாணு அண்ணனும் ஜெனிஷும் ஏறினார்கள். ஜெனிஷ் மேல்வேலைக் குழுவில் இருப்பவன், போன தை மாதம்தான் கல்யாணம் ஆனது. ஏறியதும் போன் வந்தது. "ரெண்டு பேரும் மேல வந்தாச்சு. காத்து கொஞ்சம் கடுப்பமா இரிக்கு, சாயாவுக்கு முன்ன இறங்கிருவோம்" என்றார் தாணு அண்ணன்.

மத்தியானம் பெரிய மழை. ஓடையில் வெள்ளம் வந்து, இருபத்தேழுக்கும் இருபத்தெட்டுக்கும் நடுவில் மண்ணோடு இழையையும் அறுத்துக்கொண்டு போனது. எச்சரிக்கை மணி ஒரு தடவை அடித்து அடங்கியது. நான் சொன்ன அந்த அடைப்பு திறந்துவிட்டது. திரையில் காத்தாடிக்கு ஒன்றான நாற்பது வட்டங்களும் பச்சையாகவே இருந்தன. "பாத்தியளா டீச்சர், தானா திரும்பிட்டு" என்று இசக்கியப்பன் சார் கைதட்டினார். இருந்த ஒரே ஜீப் அறுந்த இடத்தைப் பார்க்கப் போனது.

சாயா வந்தது. முப்பத்தொன்றிலிருந்து அழைப்பு வரவில்லை.

நான் கூப்பிட்டேன். மணி அடிக்கவே இல்லை. அந்த எண் இப்போது இல்லை என்றது.

"போன் நனைஞ்சிருக்கும்" என்றார் சார். "மிஷின் பச்சையாத்தான இரிக்கு. ஜீப்பு வரட்டும், அனுப்பிப் பாக்கலாம்."

என்னால் உட்கார முடியவில்லை. முப்பதைக் கூப்பிட்டேன். இல்லை. முப்பத்திரண்டு. இல்லை. இருபத்தெட்டு முதல் முப்பத்தாறு வரை ஒன்றுகூட இல்லை. கேமராக்களைப் பார்த்தேன். அந்த ஒன்பதும் கறுப்பு. ஒன்பது போன் ஒரே நேரத்தில் நனையுமா?

கட்டளை வருகிறது, பேச்சும் படமும் வரவில்லை. அப்படியென்றால் இந்தப் புது வழியில் எங்கோ ஒரு வாசல் பத்தாம் விலானை மட்டும்தான் விடுகிறது. முப்பத்தேழின் சுவிட்சைத் தட்டிக் கேட்டேன். முப்பத்தாறைப் பார்த்திருக்கும் கண்ணாடிப் போர்ட், ட்ரங்காக இருக்க வேண்டியது, ஆக்சஸ். எதிர்ப்பக்கம், முப்பத்தாறிலும் அப்படியே. யார் எப்போது அப்படி வைத்தார்களோ. எப்போதும் அடைத்தே கிடந்த வழி என்பதால் ஒருவருக்கும் தெரியவில்லை.

"மாத்தணும் சார்" என்றேன்.

"இப்பவா? அந்த வழிலதான ஒம்பது மிஷினும் தொங்கிட்டு நிக்கி? நீங்க கை வச்சு அது போச்சுன்னா முப்பத்தொண்ணை கண்ணாலகூட பாக்க முடியாது."

அவர் சொன்னது உண்மை. இரண்டு போர்ட்டையும் ட்ரங்காக மாற்றும்போது, இப்போது பேரில்லாமல் போய்க்கொண்டிருக்கும் கட்டளைகள் யார் வீட்டுக்கு என்று சொல்லாமல் விட்டால், அவை ஆளில்லாத ஒன்றாம் விலானில் விழும். ஒன்பது காத்தாடிகளும் ஒரே அடியில் காணாமல் போகும். அதோடு முப்பத்தாறை எட்டுவதே அந்த வழியாகத்தான். தப்பாகச் செய்தால் திருத்தவும் வழி இல்லை.

"சார், ஏறுனா ஒரு போன், இறங்கும்போ ஒரு போன். அவரு ஒரு நாளும் தப்பவிட்டது கிடையாது" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

அவர் என்னைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தார். "செய்யுங்க" என்றார்.

தூரத்து முனையை முதலில். முப்பத்தாறிடம், பேர் இல்லாமல் வருவதெல்லாம் பத்தாம் வீட்டுக்கு என்று முதலில் சொன்னேன். இருபதையும் முப்பதையும் விடலாம் என்றேன். அதற்குப் பிறகுதான், நீ இனி ட்ரங்க் என்றேன். எண்டரைத் தட்டியதும் திரையில் ஒன்பது வட்டங்களும் சாம்பல் நிறமாயின. சார் என் நாற்காலியின் முதுகைப் பிடித்தார். அவர் மூச்சு என் காதில் கேட்டது.

ஒன்று பச்சையானது. பிறகு எல்லாம்.

பக்கத்து முனை, முப்பத்தேழு. அதே வரிசை. மறுபடியும் சாம்பல், மறுபடியும் பச்சை. அப்புறம் போன்கள் ஒவ்வொன்றாக எழுந்து தம் பேரைச் சொல்லத் தொடங்கின. இருபத்தெட்டு, முப்பது, முப்பத்தைந்து. விளக்கு ஏற்றிக்கொண்டு யாரோ குன்றைச் சுற்றி வருவது போல இருந்தது. முப்பத்தொன்று கடைசியில் வந்தது.

கூப்பிட்டேன். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு எதுவோ இடித்தது போல ஒரு சத்தம், அதன் மேல் காற்று.

"தாணு அண்ணே? அண்ணே, கேக்குதா?"

"டீச்சர்..." என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டேன். "முழங்கையாலதான் அமுக்கினேன், ஸ்பீக்கர்ல இரிக்கு. கைய எடுக்க முடியாது. மேல்மூடி காத்துல அறைஞ்சு ஜெனிஷுக்கு கையைக் கிழிச்சுட்டு. ரத்தம் நிக்கல. கைய எடுத்தா பீச்சுது. இவனை விட்டுட்டு இறங்க முடியல. போனும் செத்துப்போச்சு."

சார் அதற்குள் தீயணைப்பு நிலையத்துக்கும் ஆம்புலன்சுக்கும் போன் அடித்துக்கொண்டிருந்தார். ஜீப்பைத் திருப்பினார்.

"ஆளு வருது. கயித்தோட வருது" என்றேன். "ஜெனிஷ் முழிச்சிருக்கானா?"

"கண்ணை மூடப் பாக்கான்."

"விடாத. அவன் பொண்டாட்டி பேரைச் சொல்லச் சொல்லு. தாணு, கேக்குதா? கைய எடுக்காத. பெல்ட்டு இரிக்குல்லா, அதைக் காயத்துக்கு மேல இறுக்கு. பல்லால இழு. நான் லைன்லதான் இரிக்கேன். எங்கயும் போமாட்டேன்."

"போயிராத" என்றார்.

அவர்கள் வந்து சேரும் வரை போனை வைக்கவில்லை. என்ன பேசினோம் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. பெரும்பாலும் கட்டுப் போடுவது பற்றி.

தீயணைப்புக்காரர்கள் ஏறிய சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது, ஏணியில் பூட்ஸ் சத்தம். இருட்டுவதற்கு முன் ஜெனிஷைக் கயிற்றில் இறக்கிவிட்டார்கள். நாகர்கோவிலில் ரத்தம் ஏற்றி, தையல் போட்டு, பிழைத்துக்கொண்டான். கொஞ்சம் தாமதமாகியிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தாராம். அதைக் கேட்க யாரும் நிற்கவில்லை.

எல்லோரும் போன பிறகு முப்பத்தேழின் அந்த போர்ட்டை மறுபடியும் பார்த்தேன். மூன்று விலான்கள், வரிசையாக. ஒரே இழையில் ஒன்பது காத்தாடிகளின் ஓட்டம், ஒன்பது கேமராக்களின் மழை, நடுவில் ஒரு மனிதனின் மூச்சு. அது எப்படிக் கலக்காமல், சிந்தாமல் வந்து என் காதில் மட்டும் விழுந்தது? எனக்குப் பாடம் தெரியும். இருந்தும் தெரியவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. அலுவலகம் சார்பில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆரஞ்சு வாங்கிப் போனேன்.

ஜெனிஷின் மனைவி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். ஜெனிஷ் படுத்துக்கொண்டே, "எக்கா, போன் அடிக்கதுக்கு முன்ன அண்ணே என்ன சொல்லிட்டு கிடந்தாருன்னு தெரியுமா? 'அவ சும்மா இரிக்க மாட்டா லே, இப்ப கண்டுபிடிச்சிருவா, இப்ப கண்டுபிடிச்சிருவா'ன்னு. பாட்டு போல" என்றான்.

தாணு ஜன்னலோரம் நின்று சாயா குடித்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்பவில்லை. காலியான டம்ளரை மறுபடியும் வாய்க்குக் கொண்டு போனார். நான் அதை வாங்கி மேஜையில் வைத்தேன்.

ஜூலை 15, திங்கள்

குவைத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மா காரணம் கேட்டாள். வேலை அதிகம் என்றேன்.

ஜூலை 23, செவ்வாய்

அறுந்த இழையை ஒட்டினார்கள். கண்ணாடியை உருக்கிக் கண்ணாடியோடு சேர்க்கும் அந்தச் சின்ன மிஷினைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு பொறி, அவ்வளவுதான். இரண்டு முனையும் ஒன்றாகிவிட்டது, தழும்புகூட இல்லை. முப்பத்தாறு, முப்பத்தேழு வழி மறுபடியும் அடைத்துக்கொண்டது. இருபத்தெட்டிலிருந்து நாற்பது வரை எல்லாச் சுவிட்சுகளையும் சோதித்து முடித்தேன். எல்லாம் சரி.

என் வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்கள். அம்மா கேசரி கிண்டினாள்.

ஆகஸ்ட் 3, சனி

முப்பத்தொன்றில் மேலே இருக்கும் போனை மாற்ற வேண்டும். முழங்கையால் இடித்ததில் பட்டன்கள் உள்ளே போய்விட்டன. யாரை வேண்டுமானாலும் அனுப்பி மாட்டச் சொல்லலாம். நானே போகிறேன் என்றேன். சார் ஹெல்மெட்டை எடுத்து நீட்டினார்.

இன்று காற்று ஓய்ந்த காலை. தாணு முன்னால் ஏறினார், நான் பின்னால். உள்ளேயே செங்குத்தாக ஏணி. தளத்துக்குத் தளம் நின்று மூச்சு வாங்கினோம். பாதியில் நான் கீழே எட்டிப் பார்த்தேன். "கீழ பாக்காதிய, எனக்க பூட்ஸைப் பாருங்க" என்றார். அப்படியே பார்த்துக்கொண்டு ஏறினேன்.

போனை மாட்டிச் சோதித்தேன். பிறகு அவர் மேல்மூடியைத் திறந்து, என் பெல்ட்டைக் கொக்கியில் மாட்டி, "எழும்பி நில்லுங்க" என்றார்.

எழுந்து நின்றேன்.

இதை எப்படி எழுதுவது? வானத்துக்கு நடுவில் நின்றேன். பக்கத்தில் இறக்கை, கீழிருந்து பார்த்தால் ஈர்க்குச்சி மாதிரி இருப்பது, ஒரு மீன்பிடி வள்ளத்தைவிட நீளமாக அசையாமல் நின்றது. மலை மொத்தமும் என் இடுப்பளவுக்கு இறங்கிவிட்டது போல இருந்தது. நாற்பது காத்தாடிகளும் வெள்ளையாக, அமைதியாக, எல்லாம் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு. தெற்கே, மிகத் தூரத்தில், ஒரு வெள்ளிக் கோடு. "கடலா?" என்றேன். "கடலுதான்" என்றார். என் கண்ணில் நீர் வந்தது. காற்று இல்லை, அதன் மேல் பழி போடவும் முடியாது.

இரண்டு மாதமாக அந்தக் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து இவர்கள் எல்லோரையும் பச்சை வட்டமாகத்தான் பார்த்திருந்தேன்.

"இங்கேருந்து ஆபீஸ் தெரியாது, பாத்தியளா? குன்னு மறைக்கும்" என்றார்.

"ஆமா."

"ஆனாலும் ஒங்ககிட்ட பேசும்போ அந்தப் பக்கம் திரும்பிதான் நிப்பேன்."

நான் கொக்கியைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஒன்று கேட்டார். நான் பதில் சொன்னேன். அது நெட்வொர்க் சம்பந்தப்பட்டதல்ல என்பதால் இந்த நோட்டில் எழுத வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

சர்ச் முடிந்து வந்ததும் அம்மா சாளை மீன் கழுவ உட்கார்ந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து சொன்னேன். பேரையும் ஊரையும் சொன்னேன்.

அம்மாவின் கை நின்றது. குழாய்த் தண்ணீர் சட்டியை நிறைத்து வழிந்துகொண்டிருந்தது. நான்தான் எட்டி மூடினேன்.

"சுசீந்திரமா?"

"ஆமா."

"சர்ச்சுல கேப்பாங்க."

"கேப்பாங்க."

"ஒன் தங்கச்சி வீட்டுலயும் கேப்பாங்க."

"தெரியும்மா."

திட்டுவாள், அல்லது அழுவாள், அல்லது எழுந்து போய் ஜெபிக்க உட்காருவாள் என்று மூன்றுக்கும் தயாராக இருந்தேன். அம்மா ஒரு மீனை எடுத்துச் செதிலைச் சுரண்டினாள். பிறகு இன்னொன்று. அதன் பிறகு தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"மீனு திங்குமா அந்த ஆளு?"

எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் சொன்னேன்.

"ரெண்டு மாசமா அப்படி என்னதான் பேசுனிய?"

வேலை விஷயம் என்றேன். அம்மா முதல் தடவையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாளோ. உதட்டோரம் என்னவோ அசைந்தது, அதை உடனே அடக்கிக்கொண்டாள்.

"செரி. அடுத்த ஞாயித்துக்கெழம வரச் சொல்லு. மீனும் வைக்கேன், சாம்பாரும் வைக்கேன். எது வேணும்னு அந்த ஆளே சொல்லட்டும்."